பழைய கார் இழுக்கவில்லையா? டர்போவைக் கழற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். நான் வாங்கிய 2011 மாடல் ஸ்விஃப்ட் டீசல் அதில் நான்காவது வளைவிலேயே திணற ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது கியரில் மிதியை அடிவரைக்கும் அமுக்கியும் வண்டி ஊர்கிறது, பின்னால் கரும்புகை, வீட்டில் எல்லோரும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். ஊருக்குள் ஓட்டிப் பார்த்து வாங்கியபோது இதில் எதுவும் தெரியவில்லை. மறுநாள் ஒரு பட்டறையில் விட்டேன். பானெட்டைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "டர்போ போயிருச்சு தம்பி, மாத்திரலாம், நாப்பதாயிரம் ஆகும்" என்றார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் அண்ணே என்று கேட்டதற்கு, "இந்த வண்டியில இழுக்கலன்னா டர்போதான்" என்று பதில் வந்தது.

டர்போ, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி, போகவில்லை. அதே டர்போ இன்றைக்கும் அதே காரில் ஓடிக்கொண்டிருக்கிறது. இழுவை குறைந்ததற்கு என் காரில் நான்கு காரணங்கள் இருந்தன, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. பழைய காரில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அதனால் ஒரே பார்ட்ஸை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், எதை அளந்து பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

முதலில் ஒரு அளவு எடுங்கள்

"பிக்கப் இல்லை" என்பதை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. அது ஒரு எண்ணாக மாற வேண்டும். நான் செய்தது ரொம்ப எளிது: நான்குவழிச் சாலையில் சமதளமாக, வண்டி நடமாட்டம் குறைவாக இருக்கிற ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன். அதிகாலையில் போய், ஏசியை அணைத்து, மூன்றாவது கியரில் 40-ல் நிதானமாகப் போய்க்கொண்டே மிதியை முழுதாக அமுக்கி, 80 வரும்வரை எத்தனை வினாடி என்று பார்த்தேன். பக்கத்து சீட்டில் என் தம்பி டாஷ்போர்டை செல்போனில் வீடியோ எடுத்தான், வீட்டுக்கு வந்து வீடியோவை ஓட்டி வினாடியை எண்ணினோம். போகும் திசையில் இரண்டு தடவை, திரும்பும் திசையில் இரண்டு தடவை எடுத்து சராசரி போட்டால் காற்றும் லேசான ஏற்றமும் கணக்கிலிருந்து போய்விடும். ஓட்டுகிறவர் சாலையை மட்டும் பார்க்கட்டும், அளக்கிற வேலை பக்கத்தில் இருப்பவருடையது.

என் காருக்கு முதல் நாள் 15 வினாடி வந்தது. இனி எதைச் சரிசெய்தாலும் அதே சாலை, அதே நேரம், அதே இரண்டு ஆள். எண் குறைந்தால் அந்த வேலை உதவியது, குறையாவிட்டால் உதவவில்லை. காசு கொடுத்து ஒரு பார்ட்ஸை மாற்றியவுடன் வண்டி பறக்கிற மாதிரி மனசுக்குத் தோன்றும், அந்த நினைப்பை இந்த எண் சரிபார்த்துவிடும்.

இன்னொன்று, உங்கள் கார் புதிதாக இருந்தபோது என்ன இழுத்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். என்னுடையது ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி மல்டிஜெட் எஞ்சின், 75 பிஎஸ், 2,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) 190 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று ஒரு காலத்தில் பாதி ஊர் இந்த எஞ்சினில்தான் ஓடியது. இதில் 1,800-க்குக் கீழே மந்தமாக இருப்பது நோய் கிடையாது, டர்போ காற்றைப் பிடித்துத் தள்ளவே அந்த ஆர்பிஎம் வேண்டும். அதேபோல 37 பிஎஸ் உள்ள மாருதி 800-ல் ஐந்து பேர் ஏறி, ஏசி போட்டு, ஊட்டிக்கு ஏறினால் அது திணறத்தான் செய்யும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும், ஏனென்றால் மேலே காற்று மெலிந்துபோகிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பட்டறை மருந்து இல்லை.

எப்போது இழுக்கவில்லை?

இந்தக் கேள்விக்கு நீங்கள் தரும் பதில்தான் பாதி நோயறிதல். எல்லா ஆர்பிஎம்மிலும் சமமாக மந்தமா, அல்லது கீழே நன்றாக இருந்து 3,000-க்கு மேலே கழுத்தைப் பிடித்த மாதிரி நிற்கிறதா? கீழே சரி, மேலே இல்லை என்றால் எங்கோ ஓட்டம் அடைபட்டிருக்கிறது: டீசல் ஃபில்டர், பெட்ரோல் பம்ப், ஏர் ஃபில்டர், சைலன்சர் பக்கத்து அடைப்பு. குளிரில் சரியாக இருந்து சூடானபின் கெடுகிறது என்றால் சென்சார், இக்னிஷன் காயில், பம்ப் மோட்டார் மாதிரி சூட்டில் சோர்ந்துபோகிற பொருள்கள். திடீரென்று சக்தி போய், ஓரமாக நிறுத்தி சாவியை அணைத்துப் போட்டால் மறுபடி சரியாகிறது என்றால், அது ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஏதோ ஒரு தவறைப் பார்த்துவிட்டு எஞ்சினைக் காப்பாற்றத் தானே சக்தியைக் குறைத்தது. லிம்ப் மோடு என்பார்கள். அப்படிப்பட்ட வண்டியில் பானெட்டைத் திறப்பதற்கு முன் ஸ்கேனரை மாட்டுங்கள், காரணம் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.

புகையும் பேசும். கரும்புகை என்றால் எரிபொருளுக்குத் தேவையான காற்று உள்ளே போகவில்லை. நீலப்புகை, ஆயில் எரிகிறது. வெள்ளைப்புகை சூடான பின்னும் நிற்காமல் வந்தால், எரியாத டீசலாகவோ கூலண்ட் உள்ளே கசிவதாகவோ இருக்கும்; கூலண்ட் அளவு குறைகிறதா என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். புகையே இல்லாமல் மந்தமாக இருக்கிற டீசலில் நான் முதலில் எரிபொருள் பக்கத்தைத்தான் சந்தேகிப்பேன்.

எஞ்சின் இல்லாத எஞ்சின் கோளாறுகள்

இந்தப் பகுதியைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள், என் காரிலேயே ஒன்றரை வினாடி இங்கேதான் கிடைத்தது.

டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு சமதளத்தில் வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, பின்னாலிருந்து தள்ளுங்கள். ஒரு சின்ன காரை ஒரே ஆள் தள்ள முடிய வேண்டும். அப்புறம் பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள், கடைசி ஒரு கிலோமீட்டர் பிரேக்கைத் தொடாமல் வேகத்தைத் தானாகக் குறைய விட்டு நிறுத்துங்கள். இறங்கி நான்கு வீலுக்கும் அருகில் உள்ளங்கையைக் காட்டுங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அடுப்பு மாதிரி அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. என் காரில் இடது பின்வீல். ஹேண்ட் பிரேக் கேபிள் உள்ளே துருப்பிடித்து, லீவரை இறக்கினாலும் முழுதாகத் திரும்பவில்லை. முந்தைய ஓனர் எவ்வளவு காலம் பிரேக்கை இழுத்துக்கொண்டே ஓட்டினாரோ தெரியாது, டிரம்மைக் கழற்றியபோது லைனிங் ஒருபக்கம் தேய்ந்து கருகியிருந்தது.

கிளட்ச் நழுவுகிறதா என்று பார்க்க, நான்காவது கியரில் 40-ல் போகும்போது மிதியை முழுதாக அமுக்குங்கள். ஆர்பிஎம் முள் குபீரென்று ஏறி, வேகம் மட்டும் மெதுவாக ஏறினால் எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது, சக்தி வீலுக்கு வந்து சேரவில்லை.

இன்னொரு விஷயம் கேட்டால் நம்ப மாட்டீர்கள்: தரை மேட். பழைய கார் விற்கிறவர்கள் உள்ளே பளபளப்பாகக் காட்ட தடிமனான மேட் போட்டுவிடுவார்கள், அது ஆக்சிலரேட்டர் மிதிக்கு அடியில் மடிந்து நின்றால் நீங்கள் எவ்வளவு அமுக்கினாலும் மிதி முழுதாக இறங்காது. மேட்டை எடுத்து டிக்கியில் போட்டுவிட்டு ஒருமுறை அளவு எடுங்கள். ஸ்கேனர் இருந்தால், மிதியை முழுதாக அமுக்கும்போது பெடல் பொசிஷன் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், மேட்டை எடுத்தபின் அந்த எண் கூடினால் உங்களுக்கு இலவசமாகவே கொஞ்சம் பிக்கப் கிடைத்துவிட்டது.

இதெல்லாம் முடித்து அளந்தேன்: 13.5 வினாடி.

ஸ்கேனர்

சில நூறு ரூபாய்க்கு ஈஎல்எம் 327 வகை ப்ளூடூத் அடாப்டர் கிடைக்கிறது, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் மாட்டி செல்போனில் பார்க்கலாம். ரொம்பப் பழைய கார்களில், அதாவது 2010-க்கு முந்தியவற்றில், இது பேசாமல் போகலாம், அப்போது பட்டறை ஸ்கேனர்தான் வழி. மாட்டுவதற்கு முன் ஒன்று: சாவியை ஆன் செய்யும்போது மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போடும்போதே எரியவில்லை என்றால் யாரோ அந்த விளக்கை எடுத்துவிட்டிருக்கலாம். விற்பதற்கு முன் அப்படிச் செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

ஸ்கேனரில் கோடு (code, தவறைக் குறிக்கும் குறியீட்டு எண்) வந்தால் அதை பார்ட்ஸ் பெயராகப் படிக்காதீர்கள். பி0299 என்றால் டர்போ அழுத்தம் எதிர்பார்த்த அளவு இல்லை என்று பொருள், டர்போவை மாற்று என்று பொருள் இல்லை. பி0087, எரிபொருள் ரெயிலில் (சிலிண்டருக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கான பொதுக் குழாய்) அழுத்தம் குறைவு, அது பம்பாகவும் இருக்கலாம், அடைத்த ஃபில்டராகவும் இருக்கலாம். பி0401, ஈஜிஆர் வால்வு வழியாக எஞ்சினுக்குத் திரும்பி வரும் புகையின் ஓட்டம் போதவில்லை. கோடு நோய் இருக்கிற தெருவைக் காட்டும், வீட்டை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கோடைவிட ஓடும்போது வரும் அளவுகள்தான் எனக்குப் பயன்பட்டன. சாவி ஆன், எஞ்சின் ஆஃப் நிலையில் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்று பிரிந்து போகும் குழாய்) அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாக இருக்க வேண்டும்: கடற்கரை ஊர் என்றால் 101 கிலோபாஸ்கல் பக்கம், சேலத்தில் 98, ஏற்காடு மேலே போனால் 84, 85. அது சரியாக இருந்தால் அந்த சென்சாரை ஓரளவு நம்பலாம். அடுத்து டர்போ டீசலை மூன்றாவது கியரில் முழு மிதியில் 2,500 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோகும்போது அது 180-க்கு மேலே ஏற வேண்டும். என் காரில் 135-க்கு மேல் போகவே இல்லை. ஆக, ஏதோ ஒரு இடத்தில் காற்று தொலைகிறது, அல்லது டர்போ காற்றைத் தள்ளவில்லை. இந்த இரண்டில் எது என்று தெரியாமலே 40,000 ரூபாய் கேட்டார்கள்.

காற்று வழி

ஏர் ஃபில்டரை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், நின்றே கிடந்த கார்களில் சகஜம்.

எம்ஏஎஃப் சென்சார் ஃபில்டருக்கு அடுத்த குழாயில் இருக்கும், உள்ளே போகிற காற்றை அளக்கிறது. அதில் அழுக்குப் படிந்தால் குறைவாக அளக்கும், ஈசியூவும் அதற்கேற்ப டீசலைக் குறைத்துவிடும், புகை இல்லாமல் மந்தமாகிவிடும். எஞ்சினை அணைத்து அதன் பிளக்கைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன ரவுண்டு போய்ப் பாருங்கள், எஞ்சின் விளக்கு எரியும், பரவாயில்லை. கழற்றிய நிலையில் வண்டி நன்றாக இழுத்தால் சென்சார் மேல் சந்தேகம் உறுதியாகிறது. சுத்தம் செய்ய அதற்கென்று விற்கிற ஸ்ப்ரேயை மட்டும் பயன்படுத்துங்கள், துணியோ பிரஷ்ஷோ உள்ளே போகக் கூடாது, காற்றை அளக்கும் அந்தப் பகுதி ரொம்ப மெல்லியது.

இப்போது டர்போவிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டு வரை போகிற ஹோஸ்கள். இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பெட்டி) உள்ள காரில் அதன் வழியாகச் சுற்றிப் போகும். இங்கேதான் என் காரின் பெரிய திருடன் இருந்தான். மேலேயிருந்து பார்த்தால் ஹோஸ் புதிது மாதிரி இருந்தது. கையை அடியில் விட்டுத் தடவினேன், வளைவுக்குக் கீழே விரலில் பிசுபிசுவென்று கறுப்பாக ஒட்டியது. ஹோஸைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்து வளைவை இரண்டு கையாலும் மடக்கியபோது, உதடு திறக்கிற மாதிரி நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. கையை எடுத்ததும் மூடிக்கொண்டது. அதனால்தான் ஐடிலிங்கில் ஒன்றும் தெரியவில்லை. மிதியை அமுக்கி டர்போ காற்றை அழுத்தும்போது மட்டும் திறக்கிறது, காற்று வெளியே போகிறது. ஆனால் எம்ஏஎஃப் அந்தக் காற்றை ஏற்கெனவே அளந்து ஈசியூவிடம் சொல்லிவிட்டது, ஈசியூ அதற்குரிய டீசலை ஊற்றிவிட்டது, எரிக்கக் காற்று இல்லை. கரும்புகைக்கும் மந்தத்துக்கும் அந்த ஒரே வெடிப்புதான் காரணம்.

கையால் தடவிக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. ஃபில்டர் பக்கத்துக் குழாய் வாய்க்குச் சரியாகப் பொருந்துகிற பிவிசி எண்டு கேப் ஒன்றை வாங்கி, நடுவில் துளையிட்டு ஒரு டியூப்லெஸ் டயர் வால்வை மாட்டி, கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். எஞ்சின் அணைந்து குளிர்ந்திருக்க வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் 10 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் மெதுவாகக் காற்று விட்டு, ஹோஸ்கள் மேலெல்லாம் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள், வெடிப்பு இருக்கிற இடத்தில் நுரை பொங்கும். கேப்புக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள், பிடி நழுவினால் பறந்து வரும்.

ஹோஸை மாற்றியபின் மேனிஃபோல்டு அழுத்தம் 205 வந்தது. வினாடி 10.

டர்போவையும் அப்போதே பார்த்துவிடலாம். குளிர்ந்த எஞ்சினில் அதன் வாய்க் குழாயைக் கழற்றி, நடுவில் இருக்கிற நட்டை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். துளி அசைவு இருக்கலாம், அது ஆயில் படலத்துக்கான இடைவெளி. முன்னும் பின்னும் இழுத்தால் அசையக் கூடாது. இறக்கைகள் சுவரில் உரசிய தடம் இருந்தாலோ நுனி உடைந்திருந்தாலோ டர்போ வேலை வந்துவிட்டது என்று ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். உள்ளே லேசான ஆயில் ஈரம் இருப்பதை வைத்து மட்டும் டர்போ செத்துவிட்டது என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம், பழைய எஞ்சினில் பிரீதர் (எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் குழாய்) வழியாக வருகிற ஆயில் ஆவி அங்கே படியத்தான் செய்யும். டர்போ அழுத்தம் மிஞ்சாமல் புகையைத் திருப்பிவிடும் கதவான வேஸ்ட்கேட்டை இயக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகிற சின்ன ரப்பர் குழாய் காய்ந்து வெடித்திருக்கிறதா, அதன் தண்டு துருவில் இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். வேஸ்ட்கேட் திறந்தே நின்றால் அழுத்தம் ஏறாது.

ஈஜிஆர் வால்வு அடுத்தது. எரிந்த புகையில் ஒரு பகுதியை மறுபடி உள்ளே அனுப்புகிற வால்வு அது, கரி சேர்ந்து மூடாமல் நின்றுவிட்டால் நல்ல காற்று போக வேண்டிய இடத்தில் புகை போய்க்கொண்டே இருக்கும். என்னுடையதைக் கழற்றியபோது உள்ளே தார் மாதிரி கட்டியாக இருந்தது, கார்பரேட்டர் கிளீனரும் பழைய டூத்பிரஷ்ஷும் வைத்து ஒரு மதியம் முழுக்க வேலை. மாட்டும்போது கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள். ஈஜிஆரை ஒரு தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று யோசனை சொல்வார்கள். வேண்டாம். புகையில் நைட்ரஜன் ஆக்சைடு கூடும், அதை நம் தெருப்பிள்ளைகள்தான் சுவாசிக்க வேண்டும். சுத்தம் செய்தாலே போதும்.

எரிபொருள்

டீசல் ஃபில்டரை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத காரில் அதை மாற்றிவிடுவதுதான் முதல் வேலை, இதற்குச் சோதனையே வேண்டாம். பழைய ஃபில்டரில் இருக்கிற டீசலை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்தாலோ கறுப்பு வண்டல் தங்கினாலோ டேங்கையும் இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து படித்துவிட்டு மேலே போங்கள். அம்பாசடர், பழைய சுமோ காலத்து மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம் உண்டு: எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப்பாக ஸ்பானரால் தளர்த்திப் பார்த்து, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பார்கள். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே ரெயில் உள்ள, என்னுடையது மாதிரி காமன் ரெயில் எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது. ஐடிலிங்கிலேயே அந்த ரெயிலில் 300 பார் பக்கம் அழுத்தம் இருக்கும், முழு மிதியில் 1,000 பாரைத் தாண்டிப் போகும். அந்த அழுத்தத்தில் பீறிடுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளி மாதிரிதான் காயம் தெரியும், உள்ளே சதை அழுகி விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலை வரும். அப்படிப் பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்ஜெக்டரைப் பார்க்க ஆபத்தில்லாத வழி ரிட்டர்ன் சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலிருந்தும் மெல்லிய ரிட்டர்ன் குழாய் ஒன்று போகும், அதில் அழுத்தம் குறைவுதான். எஞ்சின் அணைந்திருக்கும்போது அவற்றைக் கழற்றி, நான்கு இடத்திலும் சிலிக்கான் டியூப் மாட்டி, ஒரே அளவுள்ள நான்கு பாட்டில்களில் விடுங்கள். கழற்றிய பிரதான ரிட்டர்ன் லைனின் வாயை அடைத்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்டு நான்கு பாட்டிலையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்று ஒரே மட்டத்தில் இருந்து ஒன்று மட்டும் இரண்டு மடங்கு நிரம்பியிருந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்து, சிலிண்டருக்குப் போக வேண்டிய அழுத்தத்தைத் திருப்பி விட்டுக்கொண்டிருக்கிறது. அதை மட்டும் கழற்றி டீசல் பம்ப் லேபில் கொடுங்கள், நான்கையும் மாற்றத் தேவையில்லை.

ஈஜிஆரும் ஃபில்டரும் முடிந்தபின் என் கார் 9 வினாடிக்கு வந்தது. அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு

ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, ஐ10 மாதிரி கார்களில் டர்போ கவலை இல்லை, அங்கே கதை பெரும்பாலும் பிளக்கில் ஆரம்பிக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி எந்த சிலிண்டர் என்று தெரியும்படி வரிசையாக வையுங்கள். நுனி இளம்பழுப்பாக இருந்தால் எரிப்பு நன்றாக நடக்கிறது. கறுப்பாகப் பொடி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது பொறி பலவீனம், வெளுத்துப்போயிருந்தால் பெட்ரோல் போதவில்லை, ஆயில் ஈரம் இருந்தால் ரிங் அல்லது வால்வ் சீல். ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து வித்தியாசமாக இருந்தால் அந்த சிலிண்டர்தான் நோயாளி.

தனித்தனி இக்னிஷன் காயில் உள்ள எஞ்சினில் பி0302 என்று மிஸ்ஃபயர் கோடு வந்தால், இரண்டாவது சிலிண்டர் காயிலை மூன்றாவதிலும் மூன்றாவதை இரண்டாவதிலும் மாற்றி மாட்டி, கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள். கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி, அது தன் வியாதியையும் கூடவே எடுத்துப் போய்விட்டது. மாறாவிட்டால் காயில் நன்றாக இருக்கிறது, பிளக், இன்ஜெக்டர் என்று அடுத்ததைப் பாருங்கள். புதுக் காயில் வாங்காமலே காயிலைச் சோதித்துவிட்டீர்கள்.

நெடுஞ்சாலையில் 80-க்கு மேல் தவிக்கிற பெட்ரோல் காருக்கு எரிபொருள் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள், பல கார்களில் அது 3 பார் பக்கம் இருக்க வேண்டும், முழு மிதியிலும் சரியக் கூடாது. அது சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் கேட்டலிடிக் கன்வர்ட்டர், அதாவது சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி. எஞ்சின் மிஸ்ஃபயரோடு மாதக்கணக்கில் ஓடியிருந்தால் எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து உள்ளிருக்கும் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். முன்னால் இருக்கிற ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியை மாட்டி, 2,500 ஆர்பிஎம்மில் வைத்தால் 3 பிஎஸ்ஐக்கு மேல் காட்டக் கூடாது. கேட்டலிஸ்டை மட்டும் மாற்றி மிஸ்ஃபயரை விட்டுவைத்தால் புதியதும் அதே கதிக்குத்தான் போகும்.

கடைசியாகத்தான் கம்ப்ரஷன்

எல்லாம் பார்த்தும் எண் இறங்கவில்லை என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு) எடுக்கச் சொல்லுங்கள். பெட்ரோலில் பொதுவாக 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை, டீசலில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல், 350 தாண்டியிருக்கும். உங்கள் எஞ்சினுக்குரிய சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். மொத்த அளவைவிட சிலிண்டர்களுக்குள்ள வித்தியாசம்தான் முக்கியம், 10, 15 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பெட்ரோல் எஞ்சினில் குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி எடுத்தால், அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். மல்டிஜெட்டில் ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் ஓட்டியிருந்தால் வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் பொருத்தி இயக்கும் டைமிங் செயினும் தளர்ந்திருக்கலாம், காலையில் முதல் ஸ்டார்ட்டில் கடகடவென்று சத்தம் கேட்டால் அதைத் தள்ளிப்போடாதீர்கள், செயின் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

கம்ப்ரஷன் நான்கிலும் சமமாகக் குறைந்திருக்கிற கார் என்றால் எஞ்சின் வேலைக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கி, அதே மாடல் இன்று என்ன விலைக்குப் போகிறது என்பதோடு வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அந்த நிலையில் ஃபில்டரும் சென்சாரும் மாற்றிக்கொண்டிருப்பது வீண் செலவு. கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறதென்றால் தைரியமாகச் செலவு செய்யலாம். சரிசெய்து முடித்த அன்றே மூன்றாவது கியர் வினாடி, முழு மிதியில் மேனிஃபோல்டு அழுத்தம், ஐடிலிங்கில் ரெயில் அழுத்தம், ஃபில்டர் மாற்றிய கிலோமீட்டர் எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி ஆர்சி புக்கோடு வைத்துவிடுங்கள். என் நோட்டில் இப்போது ஆறு பக்கம் எழுதியிருக்கிறது. அடுத்து அதை வாங்குகிறவருக்கும் சாவியோடு சேர்த்து அதைக் கொடுப்பேன்.